இருபத்தேழு அவுட்: 2004-இல் நான் பேஸ்பால் கற்றுக்கொண்ட விதம்

பேஸ்பால் பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஓவர்?" ஓவர் கிடையாது. "சரி, எத்தனை மணி நேரம்?" அந்தக் கணக்கும் கிடையாது. "அப்போ எப்போதான் முடியும்?" இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் பேஸ்பால் முக்கால்வாசி புரிந்த மாதிரி. எனக்கு அது புரிய ஒரு முழு அக்டோபர் மாதம் ஆனது.

2004-இல் பாஸ்டனை ஒட்டிய சோமர்வில்லில், மூன்றடுக்கு மரவீடு ஒன்றின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரப் பெரியவர். வாடகை கொடுக்கப் போன ஒரு சாயங்காலம், டிவிக்கு முன்னால் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட்டில் மைதானத்தில் ஸ்கோரர் செய்யும் வேலையை இவர் தன் வீட்டு சோபாவில் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார். அங்கே நிறையப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த அட்டையில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் சாய்த்து வைத்த சிறிய சதுரம். அதுதான் மைதானம். நான்கு மூலைகளில் நான்கு பேஸ். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 90 அடி. அடித்தவர் மூன்று மூலைகளைத் தொட்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். ஆக, ஒரு ரன் என்பது ஒரு முழுப் பிரதட்சணம். நாள் முழுக்க ஆடி ஓர் அணி மூன்று ரன் எடுப்பது ஏன் சாதாரணம் என்பது இதிலேயே விளங்கும்.

ஃபீல்டர்களைப் பெயரால் எழுதினால் கட்டத்தில் இடம் போதாது. அதனால் ஒன்பது இடங்களுக்கும் எண். பந்து வீசுகிற பிட்சர் 1, அவரை எதிர்கொண்டு உட்கார்ந்து பிடிக்கிற கேட்சர் 2, முதல் பேஸில் நிற்பவர் 3, இரண்டாவது பேஸ்காரர் 4. இப்படியே 9 வரை போகும். பந்து உருண்டு 4-ஆம் நபரிடம் போய், அவர் அதை முதல் பேஸில் நிற்கும் 3-க்கு எறிந்து, அடித்தவர் ஓடி வருவதற்குள் பந்து வந்துவிட்டால் "4-3" என்று எழுதுவார்கள். அது ஓர் அவுட்.

இந்த அவுட்டில்தான் எல்லாமே இருக்கிறது. அடிக்க வாகாக வந்தும் விட்ட பந்தும், மட்டையை வீசித் தவறவிட்ட பந்தும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். அடித்த பந்து தரையில் படாமல் பிடிபட்டால் அவுட். முதல் பேஸுக்கு நம்மை முந்திப் பந்து போனால் அவுட். பேஸைத் தொடாமல் நிற்கும்போது பந்தோடு வந்து தொட்டால் அவுட். மூன்று அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்து எதிரணி ஆட வரும். இப்படி ஒன்பது முறை. மூவொன்பது இருபத்தேழு.

பெரியவர் எனக்குச் சொன்ன கணக்கை நம்மூர் வழியில் சொல்கிறேன். கையில் 27 ரூபாயோடு கடைக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு அவுட்டும் ஒரு ரூபாய் செலவு. 27-உம் தீரும்வரை உங்களைக் கடையை விட்டு யாரும் வெளியே தள்ள முடியாது. எதிரணி பத்து ரன் முன்னால் இருந்தாலும் முடியாது. கபடியில் முன்னிலையில் இருக்கிற அணியின் ரெய்டர் கோட்டைத் தாண்டிவிட்டு, முப்பது வினாடியை உருட்டிவிட்டுத் திரும்பலாம். கால்பந்தில் பந்தை மூலைக்குக் கொண்டுபோய் நேரத்தைக் கரைக்கலாம். பேஸ்பாலில் அந்த வேலையே நடக்காது. ஜெயிக்கிறவன் தோற்கிறவனுக்குப் பந்து வீசியே ஆக வேண்டும். 27-ஆவது அவுட்டைக் கஷ்டப்பட்டு எடுத்தே ஆக வேண்டும். (2023-இலிருந்து ஒரு கடிகாரம் வைத்திருக்கிறார்கள். அது ஒவ்வொரு பந்தையும் தாமதமில்லாமல் வீச வைக்கத்தான். ஆட்டத்தை முடிக்கிற அதிகாரம் அதற்கு இல்லை.)

இந்த விதியின் ருசி தெரிய வேண்டுமானால் பாஸ்டன் ரெட் சாக்ஸின் 2004-ஐச் சொல்லாமல் முடியாது.

1918 வரை ஐந்து பட்டம் வென்ற அணி அது. 1919 கடைசியில் அதன் முதலாளி ஹாரி ஃபிரேஸி, பேப் ரூத் என்ற ஆட்டக்காரரை ஒரு லட்சம் டாலருக்கு நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றார். அதுவரை ஒரு பட்டமும் வாங்காத யாங்கீஸ், 2004 வரைக்குள் 26 வாங்கிவிட்டது. ரெட் சாக்ஸுக்கு ஒன்றுகூட இல்லை. 1946, 1967, 1975, 1986 என நான்கு முறை இறுதித் தொடருக்கு வந்து, நான்கிலும் ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. ரூத்தின் செல்லப் பெயரைச் சேர்த்து இதைச் சாபம் என்றார்கள். எனக்குச் சாபத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் 2003-ஐ என்ன சொல்வது? இறுதித் தொடருக்கு முந்திய சுற்றில் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் 5-2 என முன்னால். களைத்துப்போன பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸை மேனேஜர் கிரேடி லிட்டில் மாற்றாமல் விட்டார். ஆட்டம் சமனாகி, பதினோராவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னில் போயிற்று. (பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டு, எல்லா பேஸையும் சுற்றி வருவதுதான் ஹோம் ரன்.) பெரியவரின் அட்டைக் கட்டில் அந்த நாளின் அட்டை மட்டும் குப்புறக் கிடந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

2004 சீசன் பெரிய சண்டை சச்சரவோடு நடந்தது. ஜூலை 24 அன்று யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் முகத்தில் ரெட் சாக்ஸ் கேட்சர் ஜேசன் வேரிடெக் கையைக் கையுறையோடு வைத்து அழுத்தினார். அன்று கடைசி இன்னிங்ஸ் ஹோம் ரன்னில் ரெட் சாக்ஸ் 11-10 என ஜெயித்தது. ஜூலை 31 அன்று ஊரின் செல்லப் பிள்ளையான நோமார் கார்சியாபாராவைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே நாளில் சத்தமில்லாமல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்பவரை வாங்கினார்கள். நோமார் போன துக்கத்தில் ராபர்ட்ஸ் வந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. பெரியவரும்தான்.

இங்கே பிளேஆஃப் பற்றிக் கொஞ்சம். ஒவ்வோர் அணியும் சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. அந்த ஆண்டு யாங்கீஸ் 101 வென்றது, ரெட் சாக்ஸ் 98. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 98 என்பது அறுபது சதவீதம்தான். அந்த ஆண்டின் மிக மோசமான அணியான அரிசோனாகூட 51 வென்றது. எந்த ஒரு நாளிலும் யாரும் யாரிடமும் தோற்கலாம் என்பதுதான் இதன் பொருள். அதனால்தான் ஒரே ஆட்டத்தில் பட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. அன்றைய முறைப்படி இரண்டு லீகிலும் தலா நான்கு அணிகள் பிளேஆஃபுக்குப் போயின: மூன்று பிரிவுகளின் முதலிடக்காரர்கள், அப்புறம் மிச்சமிருப்பதில் சிறந்த ஒன்று. அந்த நான்காவது இடத்துக்கு வைல்ட் கார்ட் என்று பெயர். ரெட் சாக்ஸ் உள்ளே வந்தது அந்தப் பின்வாசல் வழியாகத்தான். இப்போது லீகுக்கு ஆறு அணிகள்.

முதல் சுற்றில் ஐந்துக்கு மூன்று, அடுத்த இரண்டு சுற்றுகளிலும் ஏழுக்கு நான்கு. முதல் சுற்றை ரெட் சாக்ஸ் சுலபமாக முடித்தது. அடுத்து யாங்கீஸ். முதல் ஆட்டம் 10-7, இரண்டாவது 3-1, மூன்றாவது 19-8. மூன்றிலும் யாங்கீஸ். 19-8 நடந்தது பாஸ்டனிலேயே, ஃபென்வே பார்க்கில். பெரியவர் பாதியில் பென்சிலை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார்.

பேஸ்பால் வரலாற்றில் அதுவரை 0-3 என்ற நிலையிலிருந்து ஏழு ஆட்டத் தொடரை யாருமே வென்றதில்லை. இரண்டு அணிகளும் சம பலம் என்றே வைத்தாலும், நாணயத்தைச் சுண்டி நான்கு முறை தொடர்ந்து தலை விழ வேண்டும். பதினாறில் ஒன்று.

நான்காவது ஆட்டத்துக்கு முன் கெவின் மில்லார் என்ற ரெட் சாக்ஸ்காரர் மைதானத்தில் நின்று எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: இன்றைக்கு மட்டும் எங்களை ஜெயிக்க விடாதீர்கள். ஏனென்றால் நாளைக்கு பெட்ரோ, அதற்கடுத்து கர்ட் ஷில்லிங், ஏழாவது ஆட்டம் வந்துவிட்டால் எதுவும் நடக்கலாம். விளையாட்டுப் பேச்சு மாதிரித்தான் தெரிந்தது. ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் வீசுகிற பிட்சர்கள் தினமும் வீச முடியாது, நான்கைந்து நாள் ஓய்வு வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் அது வாய்ச்சவடால் இல்லை, கணக்கு என்று புரியும்.

அக்டோபர் 17, ஞாயிறு இரவு. ஒன்பதாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 4, ரெட் சாக்ஸ் 3. ரெட் சாக்ஸ் கையில் மூன்று ரூபாய்தான் பாக்கி. எதிரே பிட்சர் மரியானோ ரிவெரா. முன்னிலையில் இருக்கும்போது கடைசி சில அவுட்களை எடுக்கவென்றே வைத்திருக்கும் பிட்சரை க்ளோசர் என்பார்கள். அந்த வேலையில் ரிவெராவை மிஞ்சிய ஆள் இன்றுவரை இல்லை. கட்டர் என்ற ஒரே வகைப் பந்தை, வரும் என்று தெரிந்தே எல்லோரும் அடிக்க முடியாமல் நின்றார்கள்.

முதலில் வந்தது மில்லார். அடிக்க வாகில்லாத இடத்தில் விழுகிற பந்துக்குப் பெயரே "பால்". நான்கு பால் வந்தால் பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். மில்லார் நடந்தார். உடனே மேனேஜர் டெரி ஃபிராங்கோனா அவரை வெளியே எடுத்து, அவர் இடத்தில் ஓடுவதற்கு டேவ் ராபர்ட்ஸை அனுப்பினார். இதை லேசாக எண்ணக் கூடாது. பேஸ்பாலில் வெளியே போனவர் திரும்ப வர முடியாது. ஆட்டம் நீண்டால் மில்லாரின் மட்டை இல்லை. ராபர்ட்ஸ் போகும்போது ஃபிராங்கோனா கண்ணடித்தார், வேறொன்றும் சொல்லவில்லை. பெரியவர் மில்லாரின் பெயருக்குக் கீழே ராபர்ட்ஸ் என்று சின்ன எழுத்தில் எழுதினார்.

ராபர்ட்ஸின் வேலை திருடுவது. பிட்சர் பந்தை விடத் தொடங்கியதும் ஓட ஆரம்பித்து, கேட்சர் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிவதற்குள் அங்கே போய்ச் சறுக்கி விழ வேண்டும். மொத்தம் ஏறத்தாழ மூன்றரை வினாடி. பேட்டர் அடிக்கவே தேவையில்லை. போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்து ஒரு சாதாரண அடி விழுந்தாலே ரன். மாட்டிக்கொண்டால்? ஓட வந்தவரும் போனார், மூன்று ரூபாயில் ஒரு ரூபாயும் போயிற்று. சீசன் முடிய இரண்டு ரூபாய் மிச்சம். திருடப் போகிறார் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கே தெரிந்தது.

ரிவெராவுக்கும்தான். பேட்டருக்கு வீசாமல் முதல் பேஸுக்கு எறிந்தார், ராபர்ட்ஸை அங்கேயே மடக்க. ராபர்ட்ஸ் பாய்ந்து திரும்பினார். மறுபடி எறிந்தார். இந்த முறை மயிரிழை. மூன்றாவது முறையும் எறிந்தார். பெரியவர் ஒவ்வோர் எறிதலுக்கும் அட்டை ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். (2023-இல் வந்த விதிப்படி இன்று மூன்றாவது முறை எறிந்து ஆளைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பேஸை இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கு ஆடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த விதி எனக்குப் பிடிக்காததற்கு இது ஒரு காரணம்.)

பிறகு பேட்டருக்கு முதல் பந்து. ராபர்ட்ஸ் ஓடிவிட்டார். கேட்சர் ஹோர்ஹே பொசாடாவின் எறிதலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பேஸில் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர் பந்தைப் பிடித்துக் கையை இறக்கும்போது ராபர்ட்ஸின் கை பேஸில் பட்டுவிட்டது. சேஃப். கீழ்த்தள அறையில் யாரும் கத்தவில்லை. பெரியவர் கட்டத்தில் இரண்டாவது மூலைவரை கோடு இழுத்து, பக்கத்தில் "எஸ்.பி." என்று எழுதினார். திருடிய பேஸ் என்பதன் சுருக்கம்.

அடுத்து பில் மில்லர். (மில்லார் வேறு, மில்லர் வேறு. எனக்கும் முதல் வாரம் முழுக்கக் குழப்பம்தான்.) பந்தை நேராக நடுவழியே அடித்தார். ராபர்ட்ஸ் மூன்றாவது பேஸைச் சுற்றி ஓடி வந்தார். 4-4. அதுவரை ஓர் அவுட்கூட விழவில்லை. மூன்று ரூபாயும் அப்படியே இருந்தது. அந்தத் தொடர் முழுவதும் ராபர்ட்ஸ் ஒரு முறைகூட மட்டையோடு களமிறங்கவில்லை. ஓட மட்டும் வந்தவர்.

சமனானால் இரு அணிக்கும் இன்னும் மூன்று மூன்று அவுட் கடன் தருகிறார்கள், யாராவது முந்தும்வரை. அட்டையில் பத்து இன்னிங்ஸுக்குத்தான் கட்டம். பெரியவர் ஸ்கேல் எடுத்து ஓரத்தில் இரண்டு பத்தி கோடு போட்டார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்டிஸ் ஹோம் ரன் அடித்தார். 6-4. மணி அதிகாலை 1.22. சில மணி நேரத்தில் அலுவலகம். காலை மீட்டிங்கில் பாதிப் பேர் வாயைக் கையால் மூடிக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். ஏனென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அதே திங்கள் மாலையில் ஐந்தாவது ஆட்டம். இதில்தான் இன்னொரு பாடம். எட்டாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 4-2 என முன்னால். ஓர்டிஸ் ஹோம் ரன், 4-3. மில்லார் மறுபடி நடந்தார், ராபர்ட்ஸ் மறுபடி ஓட வந்தார், அடுத்த அடியில் மூன்றாவது பேஸ்வரை போனார். ரிவெராவை அழைத்தார்கள். வேரிடெக் பந்தைத் தூக்கி ஆழத்துக்கு அடித்தார். பிடிபட்டது, அவுட். ஆனால் பந்து பிடிபட்ட பிறகு பேஸைத் தொட்டபடி நிற்பவர் ஓடலாம். அவ்வளவு தூரத்திலிருந்து பந்து வந்து சேருவதற்குள் ராபர்ட்ஸ் உள்ளே வந்துவிட்டார். ஒரு ரூபாய் கொடுத்து ஒரு ரன் வாங்கியாயிற்று. இதைத் தியாகம் என்றே பெயரிட்டு அழைக்கிறார்கள். அடித்தவரின் சராசரியில் அதைத் தோல்வியாகச் சேர்ப்பதில்லை. அவுட் என்பது வெறும் நஷ்டம் இல்லை, சரியான நேரத்தில் செலவு செய்கிற காசு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

ஆட்டம் பதினான்கு இன்னிங்ஸ் போயிற்று. ஐந்து மணி 49 நிமிடம். கடைசி மூன்று இன்னிங்ஸில் ரெட் சாக்ஸுக்காக வீசியவர் டிம் வேக்ஃபீல்ட். சுழலாமல் காற்றில் தள்ளாடி வரும் நக்கிள்பால் என்ற பந்து அவருடையது. அதைப் பிடித்துப் பழகாத வேரிடெக், பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மூன்று முறை தவறவிட்டார். முந்திய ஆண்டு ஆரன் பூனுக்கு அந்த ஹோம் ரன்னைக் கொடுத்தவரும் இதே வேக்ஃபீல்ட் என்பதால், பெரியவர் பாதி நேரம் டிவியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். பதினான்கில் ஓர்டிஸ் ஒரு சின்ன அடியில் ஜானி டேமனை உள்ளே கொண்டுவந்தார். 5-4. ஒரே தேதியில், அதிகாலையில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு ஆட்டத்தை ஓர்டிஸ் முடித்து வைத்தார்.

மிச்ச இரண்டும் நியூயார்க்கில். ஆறாவதில் ஷில்லிங், கணுக்கால் தசைநாண் நழுவாதபடி மருத்துவர் தோலைத் தைத்துவிட, காலுறையில் ரத்தம் கசிய வீசினார், 4-2. ஏழாவது 10-3. அதில் பதற்றப்பட ஒன்றுமில்லை. டேமன் இரண்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன் அடித்த கணமே முடிந்தது. ஆனால் பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. 27-ஐ எண்ணுகிறவரை பேசாதே என்று கையால் சைகை காட்டினார்.

இறுதித் தொடரில் எதிரணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அந்த ஆண்டு 105 ஆட்டம் வென்ற பெரிய அணி. நான்குக்கு நான்கு தோற்றது. அக்டோபர் 27, அன்று முழுச் சந்திர கிரகணம். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், 3-0. கடைசி ஆள் எட்கர் ரென்டேரியா. அவர் சட்டை எண் 3. பேப் ரூத்தின் எண்ணும் அதுதான். அடித்த பந்து துள்ளி நேராக பிட்சர் கீத் ஃபோக்கிடமே வந்தது. அவர் சில அடி ஓடி, முதல் பேஸில் நின்ற டக் மென்ட்கேவிச்சிடம் கீழ்க்கையால் மெதுவாக எறிந்தார்.

வெளியே கார்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அட்டையில் குனிந்தார். அவசரத்தில் முதலில் 1-4 என்று எழுதிவிட்டார். ரப்பரைத் தேடி எடுத்து, காகிதம் கிழியாமல் அழித்து, தூளை ஊதிவிட்டு, 1-3 என்று திருத்தி எழுதினார்.